கூரையில் சூரியன், பெட்டியில் பால்

எங்கள் தாமான் குடியிருப்பில் கரண்ட் போனால் எல்லாரும் என் வீட்டுக்கு வாருங்கள் என்று சொல்லி வைத்தவன் நான்தான். யாரும் கேட்டு நான் சொல்லவில்லை. பசார் மாலாம் இரவுச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கும்போது சொன்னேன். கோயிலில் அன்னதான வரிசையில் தட்டோடு நிற்கும்போது சொன்னேன். என் கூரையை யாராவது தற்செயலாக நிமிர்ந்து பார்த்தால்கூட வலியப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். சோலார் பலகைகள் போட்டு அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. புது மாப்பிள்ளைக்கு இருக்கும் மிதப்பு எனக்கு அறுபது வயதுக்கு மேல் வந்திருந்தது.

என் மனைவி மட்டும் ஒருநாள் கேட்டாள்: "ஏங்க, நெஜமாவே கரண்ட் போனா இது ஓடுமா? ஒரு தடவையாச்சும் மெயின் சுவிட்ச அடைச்சுப் பாத்தீங்களா?"

"பாய்லர்காரன்கிட்ட கேக்குற கேள்வியா இது?" என்றேன். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

நான் பாய்லர்காரன் என்பதை இங்கேயே விளக்கிவிட வேண்டும், ஏனென்றால் தப்பு அங்கேதான் தொடங்கியது. எங்கள் ஊர் கூலாய்க்கு வெளியே ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் இருபத்தெட்டு வருடம் பாய்லர் பார்த்தேன். அந்த ஆலைக்கு வெளியிலிருந்து மின்சாரம் வராது. தனக்கு வேண்டியதை அது தானே காய்ச்சிக்கொள்ளும். திங்கட்கிழமைக் காலையில் அதை எழுப்புவதே ஒரு சடங்கு. முதலில் ஒரு லாரி பேட்டரி. அது டீசல் ஜெனரேட்டரைத் தட்டி எழுப்பும். டீசல் எழுந்து பாய்லரின் காற்றாடியையும் தண்ணீர்ப் பம்பையும் ஓட்டும். பாய்லர், பழத்தைப் பிழிந்து மிஞ்சிய நாரையும் கொட்டை ஓட்டையும் தின்று நீராவி கக்கும். நீராவி டர்பைனைச் சுற்ற வைக்கும். டர்பைன் முழு வேகம் பிடித்ததும் செய்கிற முதல் வேலை, தன்னை எழுப்பிவிட்ட டீசலைத் தூங்க வைப்பது. அடுத்த வேலை, எல்லாவற்றையும் தொடங்கி வைத்த பேட்டரிக்கு மறுபடி சார்ஜ் ஏற்றுவது. ஒன்றை ஒன்று பெற்று, ஒன்றை ஒன்று ஓரங்கட்டி, பிறகு ஒன்றுக்கு ஒன்று சோறும் போட்டுக்கொண்டு, சரியான கூட்டுக் குடும்பம். எது மாமியார், எது மருமகள் என்பது மட்டும் காலத்துக்குக் காலம் மாறும்.

அந்தக் குடும்பத்து வம்பு கடல் தாண்டியும் நடந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கொட்டை ஓட்டுக்குக் குப்பை மரியாதைதான். தோட்டத்துச் சாலையில் பள்ளம் விழுந்தால் ஓட்டைக் கொட்டி நிரப்புவோம். பிறகு எங்கோ ஒரு குளிர்நாட்டில் நிலக்கரியைக் குறைக்க வேண்டும் என்று முடிவு செய்து, அதற்குப் பதிலாக எரிக்க எங்கள் கொட்டை ஓடுகளைக் கப்பல் கப்பலாகக் கேட்டார்கள். முதலாளிக்குக் கசக்குமா? நல்ல ஓடெல்லாம் துறைமுகத்துக்குப் போக, எனக்கு ஈர நார் மட்டும் மிஞ்சியது. முகம் தெரியாத யாரோ நிலக்கரியைக் கைவிட, கூலாயில் என் பாய்லருக்கு மூச்சுத் திணறியது. அந்தத் திணறலைச் சமாளிக்க, ஆலைக்குப் பின்னால் நாறிக்கொண்டிருந்த கழிவுநீர்க் குளத்தின்மேல் கூடாரம் மாதிரி ஒரு மூடியைப் போட்டு, அதிலிருந்து கிளம்பும் வாயுவைப் பிடித்து இன்னொரு எஞ்சினை ஓட்டினார்கள். அத்தனை வருடம் நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த குளத்தை, கடைசியில் பெரிய பெரிய அதிகாரிகள் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். என்னை ஒருவரும் எடுக்கவில்லை.

ஆக, குப்பையும் சாக்கடையும் ஒரு ஆலையையே ஓட்டுவதைப் பார்த்துப் பழகியவன் நான். மேலே சூரியன் இருக்கிறது, கீழே பலகை இருக்கிறது, தெருக் கம்பியில் கரண்ட் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டிருக்கலாம்.

சோலார் பொருத்த வந்த பொறியாளர் ஒரு சின்னப் பெண், தெப்ராவிலிருந்து வந்தாள். அவள் மூன்று முறை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "அங்கிள், ஒரு விஷயம், இந்த இன்வெர்ட்டர் வந்து தெரு லைன் இருந்தாத்தான்..." என்று ஆரம்பிப்பாள். நான் உடனே குறுக்கே புகுந்து, ஓடுகிற டீசலோடு டர்பைனை எப்படி ஒரே தாளத்துக்குக் கொண்டுவந்து இணைப்போம், இரண்டும் ஒத்துப் போனதைக் காட்டும் மூன்று பல்புகளும் எந்த நொடியில் அணையும், அந்த நொடியில் சுவிட்சைத் தள்ள எப்படிப்பட்ட கை வேண்டும் என்றெல்லாம் விளக்குவேன். அவள் பால் சேர்க்காத தே ஓ தேநீரைக் குடித்து முடிக்கும்வரை தலையாட்டினாள். பிறகு ஒரு பாரத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டாள். படிக்காமல் போட்டேன். என் அனுபவத்தைக் கேட்டு அந்தப் பெண் வாயடைத்துப் போய்விட்டாள் என்று அன்று முழுக்க மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்தப் பீற்றலெல்லாம் எனக்குள் இருந்தவரை யாருக்கும் நஷ்டமில்லை. என் மகள் அதை நம்பி ஒரு காரியம் செய்தாள்.

மகள் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். விடியுமுன் பஸ் ஏறி, இரண்டாம் பாலத்தைத் தாண்டிப் போய், விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்புவாள். மருமகன் திரெங்கானு பக்கம் கடலில் எரிவாயு எடுக்கும் மேடையில் வேலை, மாதத்துக்கு ஒருமுறை கரையேறுவார். அவர்கள் பிள்ளைக்கு அப்போது ஐந்து மாதம். பேறுகால விடுப்பு முடிந்து மகள் வேலைக்குப் போகத் தொடங்கியதும் தாயும் பிள்ளையும் எங்களோடுதான் இருந்தார்கள். பிள்ளைக்கு டின் பால் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே ஒருமுறை கொடுத்து, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இரைத்து, அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மாட்டுப் பால் சேர்ந்த எதுவும் ஆகாது என்றார் டாக்டர். அதற்கென்று இருக்கும் விசேஷ மாவை எழுதிக் கொடுத்தார். அதை அந்தச் சின்ன வாய் ஒவ்வொரு முறையும் துப்பியது.

ஆகவே தாய்ப்பால்தான். மகள் வேலை இடத்து ஸ்டோர் அறையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பம்ப் செய்வாள். கொண்டுவந்து பைகளில் ஊற்றி, தட்டையாக உறைய வைத்து, ஒவ்வொன்றிலும் மார்க்கர் பேனாவால் தேதி எழுதி அடுக்குவாள். பிறகு அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. படுத்து எழுந்ததிலிருந்து பால் குறைந்துகொண்டே போனது. அரை மணி நேரம் உட்கார்ந்தாலும் பாட்டிலின் அடி நனைவதோடு சரி. ஒருநாள் மாலை பிரீசர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றவள், "இதுதான்பா மிச்சம். கஞ்சி கூழு சாப்பிட ஆரம்பிக்கிற வரைக்கும் இத வெச்சுத்தான் ஓட்டணும்" என்றாள். அவள் குரலில் அழுகை இல்லை. அதுதான் எனக்குக் கலக்கமாக இருந்தது.

அந்தப் பெட்டியை எங்கே வைப்பது என்று முன்பே ஒரு போட்டி நடந்திருந்தது. என் சம்பந்தி கெலாங் பாத்தாவில் லாரிப் பட்டறை வைத்திருப்பவர். வீடும் பட்டறையும் ஒரே வளாகம். கரண்ட் போனால் ஓட்ட அங்கே நல்ல டீசல் ஜெனரேட்டர் இருக்கிறது. பாலத்துக்கும் பக்கம். பெட்டியும் பிள்ளையும் அங்கே இருக்கட்டுமே என்று அவர் மரியாதையாகத்தான் கேட்டார். நான் விடுவேனா? "டீசலா? பொகையும் சத்தமும். பச்சப்புள்ளைக்கு அது ஆகுமா? நம்ம வீட்ல சூரியன் இருக்கு" என்று மகளிடம் அளந்தேன். அவள் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "சரிப்பா, இங்கேயே இருக்கட்டும்" என்றாள். சம்பந்தியை ஜெயித்த சந்தோஷத்தில் அன்று இரண்டு தோசை கூடுதலாக உள்ளே போனது.

கரண்ட் போனது ஒரு புதன்கிழமை, காலை பதினோரு மணி வாக்கில். வெயில் கொளுத்துகிறது. மின்விசிறி வேகம் குறைந்து, இறக்கை ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்து, நின்றது. தெருவில் எல்லா வீட்டு ஏர்கோனும் ஒரே நேரத்தில் வாய் மூடியது. நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சிரித்தேன். சோலார் பிடித்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் எடுக்கும், ஆலையிலும் அப்படித்தானே என்று காத்திருந்தேன்.

மின்விசிறி சுற்றுவதற்கு முன்னால் அக்கம்பக்கத்தார் வந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் வார இறுதியில் கடலுக்குத் தூண்டில் போடப் போகிறவர். ஐஸ் உருகத் தொடங்கிய மீன் வாளியோடு வந்தார். முனை வீட்டில் நாசி லெமாக் தேங்காய்ச் சோறு விற்கும் மலாய்க்கார அம்மா, எங்களுக்கெல்லாம் மக்சிக், மறுநாளைக்கு வெட்டி வைத்திருந்த கோழியை இரண்டு பைகளில் தூக்கிக்கொண்டு வந்தார். "பாங், சோலார் ஜாலான் கான்?" என்றார். சோலார் ஓடுதுதானே என்று கேட்கிறார்.

"போலே, போலே" என்றேன். முடியும் முடியும் என்று எதற்குச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. விருந்தாளியை வாசலில் நிற்க வைக்கக் கூடாது என்கிற மாதிரி, பிரீசர் பெட்டியின் மூடியை அகலத் திறந்தேன். மகளின் பைகளை ஒரு பக்கமாக ஒதுக்கினேன். மீனை அடுக்கினேன். மீன் வால் இடித்தது, திருப்பி வைத்தேன். கோழியை அதன்மேல் வைத்தேன். பாராட்டை எதிர்பார்த்து மூடியைக் கையில் பிடித்தபடியே, குளத்து வாயுவில் எஞ்சின் ஓடிய கதையை மக்சிக்கிடம் தொடங்கிவிட்டேன்.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நின்ற மனைவி மெல்லச் சொன்னாள்: "பெட்டிக்குள்ள வெளக்கு எரியலையே."

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. பின்கட்டுக்கு ஓடிப் போய் இன்வெர்ட்டரைப் பார்த்தேன். சிவப்பு விளக்கு. தெரு லைன் இல்லை என்று ஒரு வரி. தலைக்கு மேலே பதினெட்டுப் பலகை நிறைய வெயில் வழிகிறது, கீழே ஒரு பல்பு எரிய வழியில்லை. தெப்ராவ் பெண்ணைப் போனில் பிடித்தேன்.

"அங்கிள், அன்னிக்கே சொல்ல வந்தேன்" என்றாள். கோபமில்லாத குரல். "உங்க இன்வெர்ட்டர் தெரு லைனோட தாளத்தப் பாத்துத்தான் ஆடும். தெரு லைன் போச்சுன்னா அது தானா நின்னுக்கணும். இல்லாட்டி கம்பி ரிப்பேர் பண்ண ஏறுறவங்களுக்கு உங்க கூரையிலேர்ந்து ஷாக் அடிக்கும். தனியா பேட்டரி வெச்சிருந்தா வேற கதை. பாரத்துல மூணாவது பக்கத்துல இருக்கு."

டர்பைன் தன் தாளத்தைத் தானே போடும். கூரைச் சோலார் அடுத்தவன் தாளத்துக்கு ஆடும். பல்பு எப்போது அணையும் என்று அந்தப் பெண்ணுக்குப் பாடம் எடுத்தவனுக்கு இது உறைத்திருக்க வேண்டும். பிறகு யோசித்துப் பார்த்தேன். வீட்டுக் கூரைகளில் சோலார் பரவிய காலத்தில் பேட்டரி யாருக்கும் எட்டாத விலை. தெருக் கம்பியோ வாசல்வரை வந்து நிற்கிறது. அந்தக் கம்பியின் மறுமுனையில் நிலக்கரியும் எரிவாயுவும் இராப்பகலாக எரிகின்றன. அவற்றின் இடுப்பில் உட்கார்ந்துகொண்டே சோலார் வளர்ந்துவிட்டது. இறங்கி நடக்க அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதைப் போய் நான் தனியாக ஓடச் சொன்னால் அது என்ன செய்யும்.

இதற்குள் வாட்சப்பில் காரணம் வந்துவிட்டது. நெடுஞ்சாலைப் பக்கம் கணினிகளை வரிசை வரிசையாக அடுக்கி வைக்கப் பெரிய கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே மண் தோண்டிய இயந்திரம் நிலத்தடிக் கம்பியை வெட்டிவிட்டது. சரி செய்ய மறுநாள் காலை ஆகுமாம். அந்த மாதிரிக் கட்டடங்களுக்குள் பேட்டரிக்கென்று தனி அறையும் வெளியே டீசல் ஜெனரேட்டர்களும் வரிசையாக நிற்கும் என்று என் பழைய கூட்டாளி ஒருவன் சொல்லியிருக்கிறான். கணினிக்கு ஒரு நொடிகூட இருட்டு ஆகாதாம். எங்களுக்கு ஒருநாள் ஆகலாம் போலிருக்கிறது.

மீனையும் கோழியையும் திருப்பிக் கொடுத்தேன். அங்கிள் வாளியை வாங்கிக்கொண்டார். "நெவர்மைன் லா, சாப்பிட்டா முடிஞ்சிது" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, தன் வீட்டுப் பின்கட்டில் அடுப்பு மூட்டி மீனைச் சுட ஆரம்பித்தார். மக்சிக் ஓடிப் போய் ஒரு மூட்டை ஐஸ் கொண்டுவந்து கொடுத்தார். பெட்டியைப் பழைய போர்வைகளால் சுற்றினோம். அது சின்னப் பெட்டி, பாதிதான் நிறைந்திருந்தது. நான் கதையளந்துகொண்டு மூடியைத் திறந்து வைத்திருந்த நேரத்தில் உள்ளே இருந்த குளிரில் பாதி தெருவுக்குப் போயிருக்கும். அடிக்கடி திறந்து பார்க்கவும் முடியாது. ஆனால் மேலே இருந்த பைகள் என் கை பட்டபோதே ஓரத்தில் வழுக்கியதை நான் மறக்கவில்லை.

பன்னிரண்டரைக்கு மகளிடமிருந்து தகவல் வந்தது, அவளுடைய சாப்பாட்டு நேரம். "அப்பா, கூலாய்ல கரண்ட் இல்லையாமே. ஐஸ்பெட்டி ஓடுதா?"

நான் ஒரு சொல் தட்டினேன். "ஓடுது."

தோள் வழியாக எட்டிப் பார்த்த மனைவி, "எதுக்குங்க அவகிட்ட பொய் சொல்றீங்க?" என்றாள்.

"பொய் இல்ல. அவ வர்றதுக்குள்ள ஓட வெச்சிருவேன்."

அந்தச் சொல்லை அனுப்பிய பிறகுதான் எனக்கு உண்மையில் பயம் பிடித்தது. ஆலையில் பாய்லர் நின்றால் பழம் கெடும். அதற்கு மானேஜர் கத்துவார், அவ்வளவுதான். இங்கே பெட்டிக்குள் இருப்பது ஒரு குழந்தையின் சாப்பாடு. என் மகள் ஸ்டோர் அறையில், யார் கதவைத் தட்டுவார்களோ என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்தது. போனால் திரும்ப வராது.

இரண்டு தெரு தள்ளி, பசார் மாலாமில் அப்பம் சுட்டு விற்பவரிடம் சின்னப் பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று இருந்தது. மோட்டார்சைக்கிளின் பின்னால் கட்டிக் கொண்டுவந்தேன். கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்றுவிடும் போலானது. ஒருவழியாக இருமிக்கொண்டு எழுந்தது. பெட்டியின் ஒயரைக் குத்தினேன். உள்ளே விளக்கு எரிந்தது, மங்கியது, பளிச்சென்று எரிந்தது, மறுபடி மங்கியது. பெட்டியின் மோட்டார் ஓடாமல் அடித்தொண்டையில் முனகியது. பல்பு எரிக்கச் செய்த மெஷின் அது. பெட்டியின் மோட்டாரைத் தூக்கிவிட அதற்குத் தெம்பில்லை. இருபத்தெட்டு வருடம் காதை வைத்துப் பிழைத்தவனுக்கு அந்த முனகலின் அர்த்தம் தெரியும். இன்னும் இரண்டு நிமிடம் விட்டால் மோட்டார் கருகும், அப்புறம் கரண்ட் வந்தாலும் பயனில்லை. ஒயரைப் பிடுங்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் எதிர்வீட்டு வாசலில் பாயின் கார் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் அது காலையிலிருந்தே தெரிந்தது. நான்தான் தெரியாதது போல இருந்தேன்.

பாய் செனாயில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். மின்சாரக் கார் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. அந்த ஆறு மாதமும் அவரை நான் சும்மா விட்டதில்லை. "பாய், காருக்கு ராத்திரி பால் குடுத்துத் தூங்க வெச்சாச்சா?" என்பேன். தலைநகருக்குப் போகிறார் என்று தெரிந்தால், "நீளமான ஒயரு எடுத்துக்கிட்டீங்களா?" என்பேன். ஒருமுறை தாமானில் எல்லாரும் சேர்ந்து சாக்கடை சுத்தம் செய்த நாளில், அவர் காரின் விலாவில், உள்ளிருக்கும் கரண்டை வெளியே எடுக்கும் ஏதோ ஒரு குமிழைச் செருகி, அதில் கெட்டிலைக் குத்தி, இருபது பேருக்குத் தண்ணீர் கொதிக்க வைத்துத் தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தார். நான் மூன்று கோப்பை குடித்துவிட்டு, "ஒரு கெட்டிலுக்கு இவ்ளோ பெரிய காரா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். பாயும் சிரித்தார். அவர் எதற்கும் சிரிக்கிறவர்.

இப்போது அந்தக் குமிழை நான் கேட்க வேண்டும்.

"நீங்க போய்க் கேக்குறீங்களா, நான் போகவா?" என்றாள் மனைவி. மணி மூன்று. மகள் பஸ் ஏற இன்னும் மூன்று மணி நேரம்கூட இல்லை. நான் எழுந்து தெருவைக் கடந்தேன். பதினைந்து அடித் தெரு, அன்று அதற்கு முடிவே இல்லை.

பாய் கடையிலிருந்து மோட்டார்சைக்கிளில் வந்து தொழுதுவிட்டுச் சாய்ந்திருந்தார். விசிறி இல்லாததால் பனியனோடு வாசலுக்கு வந்தார். எப்படிச் சொல்வது என்று யோசித்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. "பாய், புள்ளைக்குப் பால் கெட்டுரும்" என்றேன்.

அவர் உள்ளே போய்ச் சாவியும் குமிழும் எடுத்து வந்தார். சத்தமில்லாமல் காரைத் திருப்பி, என் வாசலில் சன்னலை ஒட்டி நிறுத்தினார். நீளமான ஒயரைச் சன்னல் கம்பி வழியே நான் உள்ளே விட்டேன். நீளமான ஒயர் அவரிடம் நிஜமாகவே இருந்தது. பெட்டிக்குள் விளக்கு எரிந்தது, அசையாமல் எரிந்தது. மோட்டார் ஒரு உதறு உதறிவிட்டு, கோயில் மணியின் கடைசி ஒலிபோல ஒரே சீராக ரீங்கரித்தது. மனைவி பிள்ளையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"சார்ஜ் பாதிக்கு மேல இருக்கு அண்ணே. இந்த ஐஸ்பெட்டி ஒண்ணுக்குன்னா ரெண்டு மூணு நாளு தாராளமா தாங்கும்" என்றார் பாய்.

"ஒங்களுக்குக் காரு வேணாமா?"

"மோட்டார்சைக்கிள் இருக்கே. அதுக்கு ராத்திரி பால் குடுக்கத் தேவையில்ல."

அந்தக் குத்தல் எனக்கு வேண்டும்தான். நான் தலை குனிந்து நின்றதைப் பார்த்து அவருக்கே பொறுக்கவில்லை போலும். தோளில் கை வைத்துச் சொன்னார்: "அண்ணே, இது ஒங்க கரண்ட்தான். போன ஞாயித்துக்கெழம எங்க வீட்டு பிளக் பழுதுன்னு ஒங்க வீட்லதானே குத்துனேன்? மத்தியானம் பூரா ஒங்க வெயில்தான் இதுக்குள்ள போச்சு. என் காரு சும்மா தூக்கி வெச்சிருந்துச்சு, அவ்ளோதான்."

அது முழு உண்மை இல்லை. ஞாயிறுக்குப் பிறகு அவர் எத்தனை முறை செனாய்க்கும் வீட்டுக்கும் போய் வந்திருப்பார். ஆனாலும் ஒரு மனிதன் தன் மூக்கை உடைத்துக்கொண்டு நிற்கும்போது, அதை ஒட்ட வைக்க இன்னொருவன் இவ்வளவு யோசிக்கிறானே!

இருவரும் வாசலில் உட்கார்ந்தோம். அங்கிள் சுட்ட மீனை ஒரு தட்டில் கொண்டுவந்தார். பாய் காருக்குள் இருக்கும் பேட்டரியின் பூர்வீகத்தைச் சொன்னார். முதலில் கையில் தூக்கிப் படம் பிடிக்கும் கேமராவுக்கென்று அதைச் செய்தார்களாம். அப்புறம் கைப்பேசிக்கு, லேப்டாப்புக்கு. கோடிக்கணக்கில் செய்து செய்து விலை இறங்கியபோது, இதைக் காருக்குள் வைத்தால் என்ன என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. காருக்கென்று இன்னும் பெரிதாகச் செய்யச் செய்ய விலை இன்னும் இறங்கி, இப்போது வீட்டுச் சுவரில் மாட்டும் பேட்டரியாக வருகிறது. "அப்ப என் கூரைக்குத் தொணை, பொம்பளைங்க பேசிப் பேசித் தேச்ச போன்லேர்ந்து வந்துச்சுன்னு சொல்லுங்க" என்றேன். "ஆம்பளைங்க வாட்சப்ல பெருமையடிச்சதும் சேத்துத்தான்" என்றாள் உள்ளேயிருந்து மனைவி. பாய் மீன் முள்ளை எடுத்துவிட்டு நன்றாகச் சிரித்தார்.

பெட்டி சில்லிட்டு வருவதை மூடியில் கை வைத்து உணர முடிந்தது. திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மகள் வந்தபோது தெரு இருட்டத் தொடங்கியிருந்தது. வாசலில் நின்ற காரைப் பார்த்தாள், சன்னல் வழியே போகும் ஒயரைப் பார்த்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகப் பெட்டியிடம் போனாள். ஒவ்வொரு பையாக எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். அடியில் இருந்தவை கல் மாதிரி இருந்தன. மேல் வரிசையில் ஒன்பது பைகள் இளகிப் போய், ஓரங்கள் கோணலாக மறுபடி இறுகிக்கொண்டிருந்தன. இரண்டு பைகளில் மீனின் செதில் ஒட்டியிருந்தது, இன்னொன்றில் முனை கிழிந்திருந்தது.

"இது எப்படிப்பா?"

மனைவி என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அங்கேயே எதையாவது சொல்லித் தப்பியிருக்கலாம்.

"மூடியத் தொறந்து வெச்சது நான்தான். சோலார் ஓடுதுன்னு நெனச்சு ஊரு மீனையெல்லாம் உள்ள வெச்சேன். ஓடல. நீ கேட்டப்பவும் ஓடல. ஓடுதுன்னு போட்டது பொய்."

அவள் ஒன்பது பைகளையும் தனியே எடுத்து, ஆறை மக்சிக் கொடுத்த ஐஸுக்குள் வைத்தாள். "இத இப்பவும் நாளைக்குள்ளயும் குடுத்துடலாம்மா" என்று தாயிடம் சொன்னாள். மீதி மூன்றையும் சிங்க்குக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றாகக் கிழித்து ஊற்றினாள். தண்ணீரைத் திறந்துவிட்டு, பாத்திரம் கழுவுகிற மாதிரி சாதாரணமாகத்தான் நின்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு வந்து பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்ட பிறகுதான் பேசினாள். "லைன் போனா சோலார் நிக்கும்னு எனக்குத் தெரியும்பா. எங்க பேக்டரிக் கூரையிலயும் அதேதான்."

எனக்கு விளங்கவில்லை. "தெரிஞ்சுமா பெட்டிய இங்க வெச்ச? அங்க சம்பந்தி வீட்ல ஜெனரேட்டரே இருக்கே."

"ஜெனரேட்டர் இருக்கு. கரண்ட் போச்சான்னு பெட்டிகிட்ட யாரு வந்து பாப்பாங்க? அவங்கவங்களுக்கு வேல." பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னாள். "நீங்க ஓடுதுன்னு போட்டப்பவே ஓடலன்னு தெரிஞ்சிருச்சு. ஓடியிருந்தா படம் புடிச்சு மூணு குரூப்ல போட்டிருப்பீங்க. ஆனா நான் வர்றதுக்குள்ள எப்படியும் ஓட வெச்சிருவீங்கன்னும் தெரியும். அதான் அழாம உக்காந்து வேல பாத்தேன்."

பாய்லர் வாசலில் நின்ற காலத்தில் கண் கலங்கினால் புகை என்று சொல்லிவிடுவேன், யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். அன்று சாக்குச் சொல்ல ஒரு பொட்டுப் புகை இல்லை. பாயின் காரில் அது வராது.